கையுறை போடாதவனா குற்றவாளி?



சென்ற மாதம் நம் சங்கத்தின் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வந்ததும், அது வாக்கெடுப்புக்கே போகாமல் தள்ளிவைக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். பயிருக்கு அடிக்கும் விஷங்களில் மிகக் கொடியவற்றை ஒழிக்க வேண்டும், அவற்றால் சாகிற கூலியின் குடும்பத்துக்கு அதைச் செய்து விற்ற கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்பதுதான் தீர்மானம். அப்போது நம் மதிப்புக்குரிய மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "வயிற்றுப் பிழைப்புக்காக ஊரை விட்டு மும்பைக்கு வந்தவர்கள் நாம். ரேஷன் கார்டு, குடிசைக்குப் போட்டோ பாஸ், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், இதைப் பார்க்கவே நேரம் போதவில்லை. வயலும் வரப்பும் நமக்கு எதற்கு?" என்று கேட்டார். பலர் கை தட்டினார்கள்.

அண்ணாச்சி கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஆகவே கூட்டத்தில் குரலை உயர்த்தாமல், இந்தப் பக்கங்களில் நிதானமாகப் பதில் சொல்லுகிறோம்.

நமக்கு எதற்கு?

நாம் யார் என்பதை முதலில் நினைத்துப் பார்ப்போம். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் குடியிருக்கிற நம்மில் நூற்றுக்கு எத்தனை பேர் சொந்த நிலம் வைத்திருந்தோம்? பெரும்பாலோர் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நாம் ரயிலேறி வந்துவிட்டோம். நம் அண்ணனும் தம்பியும் மச்சானும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பருத்திக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்கள் அவர்கள்தான். நிலத்துக்குச் சொந்தக்காரர் வரப்பில் நிற்பார். விஷம் நம் ஆள் முதுகில் இருக்கும்.

நம் ஊரில் இதற்கு என்ன பெயர்? மருந்து. "தம்பி மருந்தடிக்கப் போயிருக்கிறான்" என்கிறோம். அதே ஊரில், அதே வாயால், "பாவி, மருந்தைக் குடித்துவிட்டான்" என்றும் சொல்லுகிறோம். முதல் வாக்கியத்தில் மருந்தாக இருப்பது இரண்டாவது வாக்கியத்தில் எமனாகிவிடுகிறது. இங்கே மராத்திக்காரர் அதை ஔஷத் என்கிறார், இந்திக்காரர் தவாய் என்கிறார், தெலுங்கர் மந்து என்கிறார். எல்லாம் மருந்துதான். விஷத்துக்கு மருந்து என்று நாடு முழுவதும் பெயர் நிலைத்துவிட்டதால் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள். இந்தக் கட்டுரையில் நாம் அதை விஷம் என்றே எழுதுவோம்.

யவத்மாலில் நடந்தது

2017-ம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை, நாம் பிழைக்கிற இதே மகாராஷ்டிரத்தில், விதர்ப்பாவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு விஷம் தெளித்த விவசாயிகளும் கூலிகளும் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வாந்தியும் மூச்சுத்திணறலும் கண் மங்கலுமாக அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செத்தவர்களில் நிலமற்ற கூலிகள் உண்டு, ஆதிவாசிகள் உண்டு.

யவத்மால் எப்படிப்பட்ட ஊர் என்பது ரயில்வேக்காரர்களாகிய நமக்குத் தெரியும். அந்தச் சீமைப் பருத்தியை மும்பைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கப்பலேற்றுவதற்காகவே வெள்ளைக்காரக் கம்பெனி முர்திஜாபூரிலிருந்து யவத்மாலுக்குக் குறுகிய பாதை போட்டது. சகுந்தலா ரயில் என்று ஜனங்கள் செல்லமாக அழைத்த பாதை அது. பருத்தியை வெளியே கொண்டுபோக நூறு ஆண்டுக்கு முன்பே வழி செய்தார்கள். பருத்தி விளைவித்தவன் விஷத்தில் விழுந்தபோது அவனைக் காப்பாற்ற என்ன வழி செய்து வைத்திருந்தார்கள்?

அந்த வருஷம் பருத்திச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. காலுக்குக் கீழே படவேண்டிய தெளிப்பு முகத்தில் பட்டது. வெயிலும் புழுக்கமும் சேர்ந்துகொண்டன. ஒரு விஷத்துக்குப் பூச்சி சாகவில்லை என்று இரண்டு மூன்றை ஒன்றாகக் கலந்து அடித்தார்கள். கலக்கச் சொன்னது யார்? விவசாய அதிகாரியைக் கிராமத்தில் காண்பதே அபூர்வம். விஷம் விற்கிற கடைக்காரர்தான் அங்கே வைத்தியர், கடன் கொடுக்கிறவரும் அவரே. அவர் எடுத்துக் கொடுத்ததை விவசாயி வாங்கினான், விவசாயி கொடுத்ததைக் கூலி தெளித்தான்.

பிறகு சர்க்கார் ஒரு சிறப்பு விசாரணைக் குழு போட்டது. அதன் அறிக்கை பழியில் பெரும்பங்கைத் தெளித்தவர்கள் தலையிலேயே கட்டியது. பாதுகாப்பு உடை அணியவில்லையாம், அளவு மீறிக் கலந்தார்களாம். இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாய் அறிவித்தார்கள். நவம்பரில், அதாவது தெளிப்புக் காலம் அநேகமாக முடிந்தபின், ஐந்து விஷங்களுக்குச் சில மாவட்டங்களில் 60 நாள் தடை விதித்தார்கள். 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசால் அவ்வளவுதான் முடியும். நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரம் டில்லியிடம் இருக்கிறது.

நாமும் எழுதிய பொய்

இந்த அறிக்கைச் செய்தியைப் படித்தபோது நமக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட வெட்கம் அதிகமாக வந்தது. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் எழுத்தராக வேலை பார்த்த ஒரு பார்சல் ஆபீஸில் ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. அனுப்பியவர் "விவசாயப் பொருள்" என்று மட்டும் எழுதியிருந்தார். அடியில் ஈரம் கசிந்திருந்தது. ஒப்பந்தச் சுமைக்கூலி ஒருவர், விழுப்புரம் பக்கத்துக்காரர், அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்துக்குள் அவருக்கு வாயில் நீர் ஒழுகியது, கண் இருட்டியது, கைகால் உதறியது. ஆஸ்பத்திரியில் போட்டுப் பிழைக்கவைத்தோம்.

அபாயச் சரக்குகளை எப்படிக் கையாளுவது என்பதற்கு ரயில்வேயில் ரெட் டாரிஃப் என்றொரு விதிப் புத்தகம் உண்டு. புத்தகம் அலமாரியில் இருந்தது. கையுறை மட்டும் அந்த ஆபீஸில் ஒருநாளும் இருந்ததில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "ஏன் கையுறை போடாமல் தூக்கினான்?" என்பதுதான். பொய்ச் சீட்டு எழுதி விஷத்தை அனுப்பியவரைப் பற்றி இரண்டாவது கேள்வியாகக்கூட அவர் கேட்கவில்லை. "சுமைக்கூலியின் கவனக்குறைவால் நேர்ந்தது" என்று அறிக்கையில் எழுதச் சொன்னார்கள். எழுதினோம். அந்த வரியை எழுதியது நம் கை. அந்தத் தமிழனுக்கு ஒரு பைசா நஷ்டஈடு கிடைக்காமல் போனதற்கு அந்த வரியே போதுமானதாக இருந்தது. இன்று இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய தந்திரம்

விஷத்தால் சாவு நேர்ந்தால் செத்தவன் மேலேயே பழி போடுவது பழைய தந்திரம். 1958-ல் மும்பையிலிருந்து கேரளத்துக்குப் போன கப்பலில் கோதுமை மாவும் பாரத்தியான் என்ற பூச்சி விஷமும் ஒன்றாகப் பயணம் செய்தன. விஷம் மாவில் கலந்தது. அந்த மாவில் செய்ததைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்ட ஏழைகள் கேரளத்தில் மாண்டார்கள். அதன்பிறகுதான் பூச்சிக்கொல்லிக்கு ஒரு சட்டம் வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. ஞானம் பிறந்து சட்டமாவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று. அதுதான் மேலே சொன்ன 1968-ம் ஆண்டுச் சட்டம். 2008-ல் புது மசோதா என்றார்கள், 2020-ல் இன்னொரு மசோதா என்றார்கள். 2025 வரையிலும் அந்தப் பழைய சட்டத்தை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள்.

1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதை அறியாதவர் இல்லை. அந்த ஆலை எதைச் செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. செவின் என்ற பூச்சி விஷத்தைச் செய்துகொண்டிருந்தது. கசிந்தது அதற்கான மூலப்பொருள். போபால் ரயில் நிலையம் ஆலைக்கு வெகு அருகில் இருந்தது. துணை நிலைய சூப்பரிண்டெண்டெண்ட் குலாம் தஸ்தகீர், உத்தரவுக்குக் காத்திராமல், பிளாட்பாரத்தில் நின்ற கோரக்பூர் எக்ஸ்பிரஸை நேரத்துக்கு முன்பே கிளப்பிவிட்டுப் பயணிகளைக் காப்பாற்றினார். பணியிலிருந்த ரயில்வேத் தொழிலாளர்கள் பலர் அந்த இரவில் உயிர் விட்டார்கள். தஸ்தகீரும் பல ஆண்டுகள் நோயோடு போராடி 2003-ல் காலமானார். அத்தனை பேரைக் கொன்ற கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி செய்த நாசவேலை என்றது! 1989-ல் 47 கோடி டாலருக்குக் கணக்கு முடித்தார்கள். ஆலையில் கிடந்த நச்சுக் கழிவில் 337 டன்னை அப்புறப்படுத்துவதற்கே 2025 ஆயிற்று.

காசர்கோட்டுக்கு வாருங்கள். அங்கே முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பானைப் பொழிந்தது தனியார் முதலாளியல்ல, கேரள அரசின் தோட்டக் கழகம். 2000-ம் ஆண்டு வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் பொழிந்தார்கள். ஊனமுற்றுப் பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் தெருவில் நின்று போராடினார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. சரி, நாம் கேட்கிறோம்: அந்தக் குழந்தைகள் கையுறை போடத் தவறினார்களா? தாயின் வயிற்றில் முகமூடி அணிய மறந்தார்களா?

பாதுகாப்பாகத் தெளித்தால் ஆபத்தில்லை என்பதே மோசடி. டப்பாவின் மேல் சிவப்புச் சாய்சதுரமும் மண்டையோடும் போட்டு, உள்ளே பல மொழிகளில் எறும்பு எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துவிட்டால் கம்பெனியின் கடமை முடிந்தது என்கிறார்கள். மண்டை வெடிக்கும் வெயிலில் ரப்பர் உடையும் கண்ணாடியும் முகமூடியும் அணிந்து நாலு டேங்க் தெளித்துக் காட்டட்டும், அறிக்கை எழுதிய அதிகாரிகள்! ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1985-லிருந்து ஒரு நடத்தை விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. வெப்ப நாடுகளில் அணியச் சகிக்காத, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படுகிற விஷங்களைச் சிறு விவசாயிகளும் கூலிகளும் உபயோகிக்கும் நிலையைத் தவிர்க்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. அதாவது, உடை போட முடியாத இடத்துக்கு அந்த விஷமே வரக்கூடாது என்பதுதான் உலகம் ஒப்புக்கொண்ட நியாயம். நம் நாட்டில் நியாயம் தலைகீழாக நிற்கிறது.

பஞ்சம் வந்துவிடுமா?

"விஷம் அடிக்காவிட்டால் விளைச்சல் போய்விடும், நாடு பட்டினி கிடக்கும்" என்று உடனே ஒரு கூக்குரல் எழும். நாம் பழங்காலத்தைப் பொன்னுலகம் என்று பாடுகிறவர்கள் அல்ல. அறுபதுகளில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து இந்த நாடு கையேந்தி நின்றதை நம் தகப்பன்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பூச்சி தின்ற வயலைப் பார்த்து அழுத வீடுகள் நம்முடையவை. ஆனால் விஷம் பூச்சியை ஒழித்துவிட்டதா?

வயலில் பயிரைத் தின்னும் பூச்சியும் உண்டு, அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் உண்டு. விஷம் இரண்டையும் கொல்லும். தின்னும் பூச்சி சீக்கிரம் பெருகும், விஷத்துக்குப் பழகியும் கொள்ளும். அதைத் தின்ற சிலந்தி அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. ஆகவே அடுத்த முறை இரண்டு மடங்கு விஷம், அதற்கடுத்த முறை இன்னொரு புது விஷம். 2002-ல் பி.டி. பருத்தி வந்தபோது இனிக் காய்ப்புழுவுக்கு விஷமே வேண்டாம் என்றார்கள். முதல் சில ஆண்டுகள் விஷச் செலவு குறைந்தது உண்மை. பிறகு சாறு உறிஞ்சும் பூச்சிகள் தலையெடுத்தன, இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் பருத்திக்கும் பழகிவிட்டது, செலவு மறுபடி ஏறியது. யவத்மாலில் ஆட்கள் செத்த அதே 2017-ல் விதர்ப்பாவின் பருத்தியை அந்தப் புழு சூறையாடியது. 2015-ல் பஞ்சாபில் வெள்ளை ஈ வந்தபோது திரும்பத் திரும்பத் தெளித்தும் பருத்தியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆளும் செத்தான், பயிரும் போயிற்று, விற்றவன் மட்டும் பிழைத்தான்.

வேறு வழி உண்டா? உண்டு. இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் அழித்தபோது, அந்தப் பூச்சியைப் பெருக்கியதே அளவற்ற தெளிப்புதான் என்று கண்டுகொண்டு, 1986-ல் நெல்லுக்கு அடிக்கும் 57 விஷங்களை ஒரே ஆணையில் அந்த அரசு விலக்கியது. விஷத்துக்குக் கொடுத்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்தியது. விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்துப் பூச்சியை எண்ணக் கற்றுக்கொடுத்தது. விஷச் செலவு இறங்கியது, நெல் விளைச்சல் குறையவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் புனுகுலா என்ற பருத்திக் கிராமம், விஷக்கடனில் மூழ்கியிருந்த கிராமம், 2000-ம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்களில் விஷத்தை முற்றிலும் கைவிட்டது. வேப்பங்கொட்டைச் சாறு, விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வரப்போரம் ஆமணக்கு என்று எளிய ஏற்பாடுகள்தான். இவற்றை எப்போது செய்வது என்று வயலைத் தினம் பார்த்துத் தீர்மானிக்கிற கூட்டு முயற்சிதான் முக்கியம். பெண்கள் சங்கங்கள் முன்னால் நின்றன. பின்னர் அரசே அதை மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோயிற்று. தமிழ்நாட்டில் நம்மாழ்வார் 2013-ல் இறக்கும்வரை ஊர் ஊராக நடந்து சொன்னதும் இதைத்தான்.

இலங்கை தரும் இரண்டு பாடம்

கடல் தாண்டி நம் சொந்தபந்தம் வாழும் இலங்கையில் இரண்டு காரியம் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட மிகக் கொடிய விஷங்களை இலங்கை 1995-க்குள் விலக்கியது. பிறகு பாரகுவாட்டையும் வேறு சிலவற்றையும் 2008 முதல் 2011-க்குள் படிப்படியாக நிறுத்தியது. அடுத்த இருபது ஆண்டில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. கோபத்திலும் துக்கத்திலும் கைக்கு எட்டியதைக் குடிக்கிறவர்கள் ஏராளம். கைக்கு எட்டியது அவ்வளவு கொடியதாக இல்லாததால் பிழைத்து எழுந்தார்கள். நெல் விளைச்சல் இதனால் குறையவில்லை.

அதே இலங்கையில் 2021-ல் ரசாயன உரத்தையும் விஷத்தையும் இறக்குமதி செய்யக் கூடாது என்று ராஜபக்சே சர்க்கார் திடீரென ஆணையிட்டது. மாற்று ஏற்பாடு கிடையாது, பயிற்சி கிடையாது, அவகாசம் கிடையாது. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலை வாடியது, மலையகத் தமிழ்த் தொழிலாளியின் கூடை காலியாயிற்று. ஏழே மாதத்தில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். இந்தத் தோல்வியைக் காட்டித்தான் விஷக் கம்பெனிகளின் ஆதரவாளர்கள் இன்று நம் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். அவர்கள் 2021-ஐச் சொல்லுவார்கள், 1995-ஐச் சொல்லமாட்டார்கள். கொடியதை முதலில், திட்டமிட்டு, மாற்று ஏற்பாட்டோடு விலக்கியது ஜெயித்தது. ஒரே இரவில் எல்லாவற்றையும் விவசாயி தலையில் போட்டது தோற்றது. நம் கோரிக்கை முதல் வழியைச் சேர்ந்தது.

இந்தியாவின் கணக்கைப் பாருங்கள். 2009-லேயே உலக சுகாதார ஸ்தாபனம் மோனோகுரோட்டோபாஸை ஒழிக்கும்படி எச்சரித்தது. 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் அதே விஷம் கலந்து 23 குழந்தைகள் மாண்டார்கள். 2017-ல் யவத்மால் வந்தது. அதன் பிறகும் ஆறு வருஷம் கழித்து, 2023-ல்தான், அதை விலக்க மத்திய அரசு ஆணையிட்டது. இலங்கைக்கும் நமக்கும் இடையில் 28 வருஷம்! அந்த 28 வருஷத்தில் விற்ற லாபம் யார் பையில், விழுந்த பிணம் யார் வீட்டில்?

நாம் கேட்பது

ஒன்று: மாற்று மருந்தே இல்லாத பாரகுவாட் போன்றவை உட்பட, மிகக் கொடிய விஷங்கள் எல்லாவற்றையும் தேதி குறித்து விலக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் விவசாயிக்கு மாற்று வழியும் பண உதவியும் தர வேண்டும்.

இரண்டு: விஷம் தெளிக்கையில், தூக்கையில், செய்கையில் நேரும் சாவையும் முடத்தையும் தொழில் விபத்தாகக் கருதி, உற்பத்திக் கம்பெனிகளிடமிருந்து வசூலித்த நிதியிலிருந்து நஷ்டஈடு தர வேண்டும். கூலியின் கவனக்குறைவு என்ற சாக்கைச் சட்டம் ஏற்கக் கூடாது. கடனில் நிற்கும் சிறு விவசாயி தலையிலும் இதைக் கட்டக் கூடாது. அவரும் அதே கடைக்காரரின் கைதிதான்.

மூன்று: ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இந்த விஷத்தைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையும் அட்ரோபினும் தெளிப்புக் காலத்தில் தயாராக இருக்க வேண்டும்.

நான்கு: விவசாய இலாகாவில் காலியாகக் கிடக்கும் பணியிடங்களை நிரப்பி, ஊர்தோறும் பூச்சியைக் கண்காணிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். விற்கிறவரே வைத்தியராக இருக்கும் நிலை ஒழிய வேண்டும்.

ஐந்து, நமக்கு நாமே விதித்துக்கொள்வது: ஒவ்வொரு கிளையும் தன் உறுப்பினர் வீடுகளில் விஷம் தெளிக்கப் போகிறவர், சுமக்கிறவர், அதனால் பாதிக்கப்பட்டவர் யார் யார் என்று பட்டியல் எடுக்க வேண்டும். கணக்கே இல்லாத சாவுக்கு எந்தச் சர்க்காரும் பதில் சொல்லாது.

அண்ணாச்சி அவர்களுக்கு மறுபடியும் சொல்லுகிறோம். ரேஷன் கார்டும் வேண்டும், பள்ளிக்கூடமும் வேண்டும். அவற்றுக்காகப் போராடுவதில் நாம் யாருக்கும் பின்வாங்கியதில்லை. ஆனால் அந்த ரேஷன் அரிசியை விளைவித்தவன் முதுகில் தொங்கும் டேங்கை நாம் பார்க்க மறுத்தால், நம் வீட்டுத் தம்பி அங்கே விழும்போது எந்தச் சங்கம் வந்து நிற்கும்? யவத்மால் கூலி மராத்திக்காரன், பீகார்ப் பிள்ளை பீகாரி, காசர்கோட்டுத் தாய் மலையாளி என்று ஒதுங்குகிற நாம், நாளை விழுப்புரத்துக்காரன் விழும்போது யாரைக் கூப்பிடுவோம்?

வருகிற பொதுக்குழுவில் தீர்மானம் மீண்டும் வருகிறது. "கூலியின் கவனக்குறைவு" என்று ஒருமுறை எழுதிய கை இது. இன்னொருமுறை எழுதாது. உங்கள் கையையும் உயர்த்துங்கள்!